அடையாறு ஆஸ்பத்திரியில் 65 ஆண்டு
டாக்டர் சாந்தா அம்மையாரின் கதை

சென்னை மத்திய கைலாசத்திலிருந்து சர்தார் பட்டேல் சாலையில் கிண்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். விடியற்காலையிலேயே கையில் துணிப்பை, தூக்குச்சட்டி, பழைய எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறை ஆகியவற்றோடு ஆண்களும் பெண்களும் ஒரு வாசலை நோக்கி நடப்பார்கள். சிலர் தெலுங்கு பேசுவார்கள். சிலர் வங்காளி பேசுவார்கள். திருவண்ணாமலையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்தவர்களும் இருப்பார்கள்.

அதுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியை நினைத்தவுடன் நினைவுக்கு வருகிற முகம் ஒன்று உண்டு. எளிய சேலை, வெள்ளைத் தலை, மூக்குக்கண்ணாடி, மெல்லிய உடம்பு. அவர்தான் டாக்டர் வி. சாந்தா. 1955-ல் அங்கே வேலைக்கு வந்தார். 2021-ல் அவர் உயிர் பிரியும்வரை அந்த வேலையை விடவில்லை.

மயிலாப்பூர்ப் பெண்

சாந்தா 1927-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். படிப்பு மிகுந்த குடும்பம். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் சர் சி.வி. ராமன், எஸ். சந்திரசேகர் இருவரும் அவருக்கு நெருங்கிய உறவினர்கள். ஒரு குடும்பத்தில் ஒரு நோபல் பரிசு என்றாலே ஊர் பேசும். இரண்டு என்றால் கேட்கவேண்டுமா?

மயிலாப்பூரிலேயே நேஷனல் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதுதான் பிற்பாடு பி.எஸ். சிவசாமி பள்ளி ஆயிற்று. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1949-ல் எம்.பி.பி.எஸ். தேறினார். 1952-ல் மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமா பெற்றார். 1955-ல் அதே துறையில் எம்.டி. பட்டமும் வாங்கினார்.

அந்தக் காலத்தில் டாக்டருக்குப் படித்த பெண் என்றால் பிரசவ ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். நல்ல சம்பளம், நல்ல மரியாதை, கடைசியில் பென்ஷன். சாந்தாவும் சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறினார். பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை தயாராகக் காத்திருந்தது.

அந்த உத்தியோகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

வேண்டாம் என்று சொல்லி அவர் போன இடம் எது? அடையாறில் கால்வாய்க் கரையோரம், ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மொத்தம் 12 படுக்கைகள். அங்கே வருகிற நோயாளிகள் பிழைக்கமாட்டார்கள் என்றுதான் டாக்டர்களே நினைத்திருந்தார்கள். ஆசிரியர்களும் நண்பர்களும் புருவத்தை உயர்த்தினார்கள். நன்றாகப் படித்த பெண் எதற்காகத் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று அவர்கள் எண்ணியதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு தங்கையின் மரணம்

அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் சாந்தாவின் கதையைச் சொல்ல முடியாது.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தமிழ்நாடு அறியும். பெண்கள் படிக்கப் போவதே அதிசயமாக இருந்த நாளில், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றவர். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அவ்வை இல்லத்தை ஆரம்பித்தவர்.

அவருடைய அருமைத் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் ஒரு டாக்டர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரம் அம்மையாரின் மனத்தை விட்டு அகலவில்லை. பிறகு அவர் மேல்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு ஆஸ்பத்திரி இருப்பதைப் பார்த்தார். நம் ஊரில் இப்படி ஒன்று வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டார்.

நினைத்தது நடக்க கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பணம் திரட்டவேண்டும். நிலம் வேண்டும். எல்லாவற்றையும்விட, இது தேவைதான் என்று மேலிடத்தில் உள்ளவர்களை ஒப்புக்கொள்ளச் செய்யவேண்டும். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டதை சாந்தா பிற்காலத்தில் பல தடவை நினைவு கூர்ந்திருக்கிறார்.

இந்தக் கேள்வியைக் கேட்டவரைக் கொடியவர் என்று நாம் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு ஊரே அப்படித்தான் நினைத்தது.

முத்துலட்சுமி அம்மையார் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதம மந்திரி நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

குருவும் சிஷ்யையும்

சாந்தாவுக்குப் புற்றுநோய் மருத்துவத்தில் ஆர்வம் ஊட்டியவர் இந்தக் கிருஷ்ணமூர்த்திதான். வெளிநாடுகளில் புற்றுநோய் சிகிச்சையைக் கற்றுத் திரும்பியவர் அவர். தன் வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த குரு என்று சாந்தா அவரைக் கடைசிவரை சொல்லிவந்தார்.

1955 ஏப்ரல் 13-ந் தேதி சாந்தா அடையாறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆஸ்பத்திரி வளாகத்துக்கே குடிவந்தார். அன்று அங்கே இருந்த டாக்டர்கள் இரண்டே பேர். ஒருவர் கிருஷ்ணமூர்த்தி. மற்றவர் சாந்தா. அறுவைச் சிகிச்சையும் அவர்கள்தான், கதிர் சிகிச்சையும் அவர்கள்தான், ராத்திரிக் காவலும் அவர்கள்தான்.

சம்பளம்? முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமே கிடையாது. அதன்பிறகு மாதம் ரூ.200-ம், தங்க இடமும் கொடுத்தார்கள்.

ஆரம்பித்த சில ஆண்டுகளுக்குள் கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் இயந்திரம் அடையாறுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது. இதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கோபால்ட்-60 என்பது தானாகவே கதிர்களை வீசும் ஒரு உலோகம். அதைக் கனத்த ஈயப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். நோயாளியைப் படுக்க வைத்து, கட்டி இருக்கும் இடத்துக்கு நேராகக் குறி வைத்து, பெட்டியின் சிறு வாசலைத் திறந்தால் கதிர் பாயும். சில நிமிஷத்தில் மூடிவிடுவார்கள். வலி தெரியாது. பழைய எக்ஸ்ரே சிகிச்சையில் தோல் வெந்து புண்ணாகிவிடும். கோபால்ட் கதிரோ தோலைத் தாண்டி உள்ளே போய்த் தன் முழு வேலையைச் செய்யும். ஆகையால் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அது ஒரு வரப்பிரசாதமாக வந்தது. ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருமுறை அதன் சக்தி பாதியாகக் குறையும். அப்புறம் புதிது வாங்கவேண்டும். அதற்கு மறுபடியும் பணம் திரட்டவேண்டும்.

வெற்றிலையோடு புகையிலை மென்று, கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்து, அது ஆறாமல் புற்றாகி வருகிறவர்கள் அன்று ஏராளம். கத்தி வைத்தால் முகமே போய்விடும். மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் ஆராய்ந்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. அந்த முடிவுகளை அயல்நாட்டு மருத்துவப் பத்திரிகைகள் வெளியிட்டன. பெரிய தேசங்களின் டாக்டர்கள் அடையாறு என்ற பெயரைப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

பெயர் சொல்லாத வியாதி

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. மாதவிடாய் நின்று பல வருஷம் கழித்து அவருக்கு மறுபடியும் உதிரம் பட்டது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. துணியைத் தானே துவைத்துத் தானே காயப்போட்டுக் கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிட்டார். கடைசியில் பாட்டிதான் கண்டுபிடித்தாள். கர்ப்பப்பை வாயில் புற்று என்றார்கள்.

வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். “அந்த வியாதி” என்பார்கள். பக்கத்து வீட்டார் வந்தால் “வயிற்றுவலி” என்பார்கள். சொன்னால் அத்தையின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதாம்! தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வேறு. இவை எல்லாம் தவறு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. புற்றுநோய் ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்கு ஒட்டுகிற நோய் அல்ல.

அடையாறில் அத்தைக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தத் தனித் தட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டதுதான். அப்புறம் 14 ஆண்டுகள் இருந்தார். பெண்ணுக்கும் கல்யாணம் ஆயிற்று.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். சாந்தா அம்மையாரை மிகவும் வாட்டியது இதுதான். சீக்கிரம் வந்தால் பிழைக்கிற நோயில் அநியாயமாகப் பெண்கள் சாகிறார்களே என்று வருந்தினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், கிராமத்துக்கே போய்ப் பெண்களைப் பரிசோதிக்கும் வேலையை அடையாறு ஆஸ்பத்திரி 1960-களிலேயே காஞ்சிபுரம் பகுதியில் தொடங்கியது. கர்ப்பப்பை வாயிலிருந்து சிறிது நீரைத் துடைத்தெடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்று வருவதற்கு முன்பே அதன் அறிகுறி தெரிந்துவிடும். செலவு கொஞ்சம். நேரமும் கொஞ்சம். ஆனால் அந்தப் பெண்ணை வீட்டுவாசலைத் தாண்டி அழைத்துவருவதுதான் கஷ்டம்.

எத்தனை பேருக்கு, எந்தப் புற்று வருகிறது என்று தெரிந்தால்தானே வழி செய்ய முடியும்? அதற்கு 1980-களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துக்கென்று ஒரு பதிவேடு ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கணக்கு எடுப்பார்கள். மரணப் பதிவுகளையும் சரிபார்ப்பார்கள். அந்தக் கணக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது. ஆரம்பத்தில் சென்னைப் பெண்களுக்கு மிகுதியாக வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்று. அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. மார்பகப் புற்று ஏறிக்கொண்டே போய், 2000-க்குப் பிறகு முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

குழந்தைகள் வார்டு

1960-ல் குழந்தைகளுக்கென்று தனி வார்டு திறந்தார்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தனி வார்டு இந்தியாவில் அதுவே முதல் தடவை.

அது மிகவும் துணிச்சலான காரியம். ரத்தப் புற்று வந்த குழந்தை அன்று பிழைப்பது கிடையாது. மருந்து கொடுத்தால் சில மாதம் தெளிவாக இருக்கும். விளையாடும். தாய்க்கு நம்பிக்கை வரும். பிறகு நோய் திரும்பி வரும். அந்த வார்டில் வேலை பார்த்த டாக்டர்களும் நர்சுகளும் எத்தனை தாய்மார்களின் அழுகையைக் கேட்டிருப்பார்கள்!

சாந்தா அந்த வார்டை மூடவில்லை. 1984 முதல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து வகுத்த புதிய முறையில் அடையாறிலும் பம்பாயிலும் டில்லியிலும் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். பல மருந்துகளைக் கணக்காகச் சேர்த்து, மாதக்கணக்கில் விடாமல் கொடுக்கும் முறை அது. அதற்கு முன் நூற்றில் இருபது குழந்தை பிழைத்தாலே பெரிது. இப்புது முறையில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

நடுவில் மருந்தை நிறுத்தினால் எல்லாம் வீண். ஏழைகள் நிறுத்துவார்கள். மருந்து வாங்கப் பணம் இல்லை, ஊருக்கும் சென்னைக்கும் மாறிமாறி ரயிலில் வரப் பணம் இல்லை. ஆகையால் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் மருந்தோடு நிற்கவில்லை. வெளிநாட்டு மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கவேண்டும், புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்று டில்லியோடு வாதாடினார்கள். இன்று ஒரு நோயாளி சலுகைக் கட்டணத்தில் ரயில் ஏறுகிறார் என்றால் அந்த வாதாட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பணம் இல்லாதவரும் பணம் உள்ளவரும்

12 படுக்கை ஆஸ்பத்திரி வளர்ந்து 400 படுக்கைகளைத் தாண்டியது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காசு கட்டத் தேவையில்லாத படுக்கைகள். வசதி உள்ளவர்கள் கட்டுகிறார்கள். இல்லாதவர்களுக்கு இலவசம், அல்லது கொஞ்சம்போல வாங்கிக்கொள்வது. தங்கும் அறையில் வித்தியாசம் இருக்கலாம், சிகிச்சையில் வித்தியாசம் கூடாது என்பது அங்கே சட்டம்.

சொல்வது சுலபம். நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தெருக்கோடியில் ஒரு இலவச வாசகசாலை நடத்திப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மருந்து விலை ஏறும். இயந்திரம் பழையதாகும். மற்ற இடங்களில் டாக்டர்களுக்கு நாலு மடங்கு சம்பளம் தருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் நிதிக்காகக் கை நீட்டவேண்டும். முத்துலட்சுமி அம்மையார் 1968-ல் காலமானார். அவருக்குப் பிறகு அந்தக் கையை நீட்டியவர் சாந்தாதான். தனக்கென்று அவர் எதுவும் கேட்டதில்லை. நோயாளிக்காகக் கேட்பதில் கூச்சப்பட்டதும் இல்லை.

1980 முதல் 1997 வரை அவர் ஆஸ்பத்திரியின் டைரக்டராக இருந்தார். 1975-லேயே மத்திய அரசாங்கம் அதைப் பிராந்தியப் புற்றுநோய் நிலையமாக அங்கீகரித்திருந்தது. 1984-ல் புற்றுநோய் மருத்துவத்துக்கும், புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்கும் உயர்படிப்புகளை அங்கே தொடங்கினார்கள். நாட்டிலேயே அவைதாம் முதன்முதல். அதுவரை இந்தியாவில் புற்றுநோய் டாக்டர் ஆக வேண்டுமென்றால் வெளிநாடு போகவேண்டும், அல்லது ஒரு குருவை அண்டி நின்று கற்கவேண்டும். சாந்தா கற்றதுபோல.

அவரிடம் கற்றுச் சென்ற டாக்டர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவர் “மேடம்”தான். நேரம் தவறினால் கோபிப்பார். நோயாளியிடம் கடுமையாகப் பேசினால் இன்னும் கோபிப்பார். எண்பது வயதுக்குப் பிறகும் வார்டைச் சுற்றி வருவதை நிறுத்தவில்லை. படுக்கை ஓரத்தில் நின்று நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் அவருடைய படங்களைப் பத்திரிகைகளில் பார்க்காதவர்கள் குறைவு.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடும் ஆஸ்பத்திரி வளாகம்தான்.

பட்டங்கள் வந்தன

பட்டங்கள் தாமாகத் தேடி வந்தன. 1986-ல் பத்மஸ்ரீ, 2006-ல் பத்மபூஷண், 2016-ல் பத்மவிபூஷண். நடுவில் 2005-ல் ஆசியாவின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றான மகசேசே விருது. அந்தப் பரிசுப் பணத்தை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டார்.

2010 ஜூலையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி காலமானார். 55 ஆண்டு அருகில் நின்று வேலை செய்த குரு போய்விட்டார். அப்போது சாந்தாவுக்கு வயது 83. அந்த வயதில் மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். அவர் மறுபடியும் வேலைக்குப் போனார்.

புற்றுநோயைக் கட்டாயம் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக்கவேண்டும் என்பது அவர் நெடுநாள் வற்புறுத்தி வந்தவற்றில் ஒன்று. தமிழ்நாட்டு அரசாங்கம் 2017-ல் அதை ஏற்றுக்கொண்டு உத்தரவு போட்டது. அப்போது அவருக்கு வயது 90.

2021 ஜனவரி 19

கொரோனாக் காலம். ஜனவரி 18-ந் தேதி இரவு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. 19-ந் தேதி விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 93.

காந்தி நகரில் உள்ள பழைய ஆஸ்பத்திரி வளாகத்தில், அவர் வேலை தொடங்கிய இடத்திலேயே, உடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு வரிசையாக ஜனங்கள் வந்தார்கள். மந்திரிகள் வந்தார்கள், பெரிய டாக்டர்கள் வந்தார்கள். சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களும் வந்து அழுதார்கள். அன்று பிற்பகல் பெசன்ட் நகர் மயானத்தில் போலீஸ் மரியாதையோடு தகனம் நடந்தது.

1955 ஏப்ரல் 13-ந் தேதி வேலைக்குச் சேர்ந்தவர். கணக்குப் பார்த்தால் 65 ஆண்டு, 9 மாதம். எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில்.